முதல் வரியிலேயே துரோகி

வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று ஒருவர் எனக்கு இரண்டரை மணிநேரம் இடைவிடாமல் விளக்கியிருக்கிறார். நடுவில் நான் ஒரே ஒரு தடவை "ஆமாம்" என்றேன். "பாத்தியா தம்பி, உன்னால வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல" என்றார். ஆறிப்போன என் டீயையும் அவரே எடுத்துக் குடித்தார்.

அறுபதுகளில், ரங்கூனில். அவர் மொகல் தெருப் பக்கம் ஒரு தமிழ் அச்சகத்தில் கம்பாசிட்டர். நான் நாலு தெரு தள்ளி ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். எல்லாரும் அவரை ஸயா என்றுதான் கூப்பிடுவோம். வாத்தியாரையும் வைத்தியரையும் பர்மாக்காரர்கள் மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. அவர் இரண்டும் இல்லை. ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவன் கொஞ்ச நேரத்தில் மாணவனாகவோ நோயாளியாகவோ ஆகிவிடுவான்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் கையால் அதை ஒரு தடவை எழுதியிருக்கிறேன். அது போதும்.

எங்கள் கொட்டகையில் வாரக் கடைசியில் இந்திப் படமும் தமிழ்ப் படமும் ஓடும். திங்கள் முதல் புதன் வரை ஈ ஓட்டும் நாட்கள். அந்த நாட்களுக்கென்று முதலாளி பிரெஞ்சுப் படங்கள் வாங்கிப் போடுவார். கொள்ளைக் கூட்டத்துக் கதைகள். எங்களுக்குக் கேடிப் படம். பேசுவது பிரெஞ்சு, கீழே ஓடுவது இங்கிலீஷ் எழுத்து. பெஞ்சு டிக்கெட்டில் உட்காருகிற துறைமுகத்து ஆட்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் தமிழில் ஒரு கதை நோட்டீஸ் அச்சடித்து வாசலில் கொடுப்பார்கள். அந்த நோட்டீஸை எழுதுகிற வேலைதான் ஸயாவுக்கு.

எழுதுகிற வேலை என்று சொல்வதுகூடத் தப்பு. அவர் காகிதத்தில் எழுதி நான் பார்த்ததே இல்லை. படக் கம்பெனி அனுப்பும் இங்கிலீஷ்க் கதைச் சுருக்கத்தைத் தட்டில் சாய்த்து வைத்துக்கொள்வார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நேராக அச்சிலேயே கதையைக் கோத்துவிடுவார். இடம்வலம் மாறி, தலைகீழாய் நிற்கும் எழுத்தை நாம் நேர் எழுத்தைப் படிப்பதைவிட வேகமாகப் படிப்பார். மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து அடுத்தவன் கையிலிருக்கும் கடிதத்தைப் படித்துவிட்டு, "உன் மச்சானுக்குக் காய்ச்சல் விட்ருச்சாமே" என்று கேட்கிற ஆள்.

ஊரில் மற்றவர்கள் போடும் கதை நோட்டீஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கதாநாயகன் ஆபத்தில் மாட்டுகிற இடத்தில் நிறுத்தி, மிச்சத்தைத் திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். ஸயாவுக்கு அந்தப் பழக்கம் கட்டோடு பிடிக்காது. அவருடைய நோட்டீஸ் ஒன்று இன்னும் எனக்கு மனப்பாடம்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இப்படத்தில் கார் ஓட்டும் மீசைக்காரனே துரோகி. கூட்டாளிகள் நால்வரும் உயிரைக் கொடுத்துப் பெட்டகத்தை உடைக்கும்போது இவன் ஒரு நாட்டியக்காரியிடம் போய் வாயை விட்டுவிடுவான். கதாநாயகன் கடைசியில் நடுத்தெருவில் சாவான். யாரால் செத்தோம் என்று அவனுக்குத் தெரியாது. உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும் என்று அச்சிட்டோம். ரசித்துப் பார்க்கவும்."

முதலாளி சூரத்துக்காரர். பாதித் தமிழும் பாதிப் பர்மியமுமாகப் பேசுவார். இந்த நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு அவர் அச்சகத்துக்கு ஓடியபோது நானும் பின்னால் போனேன். வேடிக்கை பார்க்கத்தான்.

"ஸயா, இப்டி அல்லாம் சொல்லிட்டா எவன் டிக்கெட் எடுப்பான்?"

ஸயா தலையை நிமிர்த்தவில்லை. எழுத்துப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். "முதலாளி, தெரிஞ்ச சேதியைக் கூட்டாளிகிட்ட மறைச்சா அதுக்குப் பேரு என்ன?"

"என்ன?"

"துரோகம்."

"இங்க யாருய்யா கூட்டாளி?"

"உங்க டிக்கெட்ட வாங்குறவன்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த வாரம் பெஞ்சு நிரம்பி வழிந்தது. படத்தில் மீசைக்காரன் வந்த உடனே கொட்டகையே எழுந்து நின்று கதாநாயகனை எச்சரித்தது. "டேய், அவன் வண்டில ஏறாத. சொன்னாக் கேளுடா." பாரிஸ் நகரத்துக் கதாநாயகன் சாவகாசமாக ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு அதே வண்டியில் ஏறினான். ஒரு மூட்டைக்காரர் வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை தடவதான் சொல்றது இவனுக்கு" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். மறுநாளும் டிக்கெட் வாங்கினார். இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்றுதான்.

அதற்குப் பிறகு முதலாளி நோட்டீஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. துரோகி இன்னார் என்பது எப்போதும் முதல் வரியிலேயே வந்தது.

இந்தப் படங்களைப் பற்றி ஸயா வைத்திருந்த கொள்கைகளை எழுதினால் ஒரு புத்தகம் வரும். படித்தவர்கள் யாரும் அதை வாங்க மாட்டார்கள். "பிரெஞ்சுப் போலீஸ்காரன் திருடனைப் பிடிக்கிறதே இல்ல தம்பி. கூட்டாளிதான் பிடிச்சுக் குடுக்கிறான். போலீஸ்காரன் மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து வாங்கிட்டுப் போறான், அம்புட்டுதான்" என்பார். அமெரிக்கப் படங்களை அவர் மதிப்பதில்லை. அங்கே சுட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். நம்பிக்கை வைக்க நேரமே இல்லையாம். "நம்பிக்கை வச்சாத்தானே துரோகம் பண்ண முடியும்? பிரெஞ்சுக்காரன் முதல்ல ஒண்ணா உக்காந்து சாப்பிடுறான் பாரு. அரை மணிநேரம் சாப்பிடுறான். அதுக்கப்பறந்தான் குத்துறான். அது படம்."

துரோகியை முதல் ரீலிலேயே கண்டுபிடிக்க அவரிடம் மூன்று வழி இருந்தது. தலைவன் சொல்லும் நகைச்சுவைக்கு முதலில் சிரிக்கிறவன். இடத்தையும் நேரத்தையும் இரண்டாவது தடவை கேட்கிறவன். நன்றாகச் சாப்பிடுகிறவன். இதைத் திரையோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் எங்கள் மேஜைக்கும் கொண்டுவந்தார்.

எங்கள் மேஜையில் நாலு பேர். ஸயா, நான், வாசலில் டிக்கெட் கிழிக்கும் அந்தோணி அண்ணன், மெஷின் ஓட்டும் ஆபரேட்டர் கோ மணி. கோ மணிக்கு அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், அம்மா பர்மாக்காரர். பர்மியத்தில் அண்ணன் என்று மரியாதையாகச் சொல்லும் கோ, பெயருக்கு முன்னால் சேர்ந்தே பிறந்தவர். அவர் வீட்டுக்காரி பர்மியப் பெண், ஐந்து பிள்ளைகள். அந்தோணி அண்ணன் ஒரே மூச்சில் மூன்று பலாத்தா, அதாவது பர்மாப் பரோட்டா, சாப்பிடுவார். அதனால் ஸயா கணக்கில் அவர்தான் துரோகி.

"அந்தோணி, எனக்கு உம்மேல வருத்தமில்ல. ஆனா நீ என்னைக்காவது ஒருநாள் எங்கள வித்துருவ."

"உம்மை யாரு ஓய் வாங்குவா" என்பார் அந்தோணி அண்ணன், நாலாவதைக் கேட்டுக்கொண்டே.

என்னை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். நான் அப்போது ஒல்லி, சாப்பாடு குறைவு, மிஷன் பள்ளியில் ஏழாவதோடு நின்றவன், எதற்கும் முந்திக்கொண்டு சிரிக்காதவன். "சவரிமுத்து மட்டும் கல்லு. கழுத்தை அறுத்தாலும் பேசாது" என்று எல்லார் எதிரிலும் சொல்வார். இதைக் கேட்டு நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். மூன்று வழியோடு நாலாவதாக ஒரு வழியையும் அவர் கண்டுபிடித்திருக்கலாம்.

வெளித் தோற்றத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும். ஸ்காட் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய, விளிம்பு வைத்த ஒரு கம்பளித் தொப்பி. பட்டாளத்துத் துணியில் தைத்த ஒரு மழைக்கோட்டு. கீழே கட்டம் போட்ட கைலி, ரப்பர் செருப்பு. இடுப்புக்கு மேலே பாரிஸ், கீழே அவர் குடியிருந்த தின்கன்ஜூன். ரங்கூன் மழைக்குக் கோட்டு ஆறு மாதம் உதவும். மிச்ச ஆறு மாதமும் வேர்க்க வேர்க்கக் கையில் தொங்கும். டீக்கடையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார். உட்கார்ந்து வாசலை உற்றுப் பார்ப்பார். பத்து வருஷம் பார்த்தார். மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்காச் சேமியா விற்கும் அம்மாவைத் தவிர யாரும் அவரைத் தேடி வரவில்லை. சட்டத்துக்கு அவர் பயந்ததுபோல் யாரும் பயந்ததில்லை. தெரு வெறிச்சென்று கிடந்தாலும் போலீஸ்காரர் கை காட்டாமல் கடக்க மாட்டார். சைக்கிளுக்கு விளக்கு இல்லையென்றால் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேருவார்.

அவருடைய கொள்கை அச்சகத்துக்கு ஒரு வாடிக்கையையும் தொலைத்துக்கொடுத்தது. ஒரு அரிசி வியாபாரி இறந்துபோனார். மரண அறிவிப்பை வழக்கம்போல் ஸயா நேராக அச்சில் கோத்தார். "நாற்பது வருட காலம் கூட்டாளிகள் ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல் வாழ்ந்து இயற்கை எய்தினார்" என்று வந்துவிட்டது. மகன்கள் மூன்று பேரும் அச்சகத்துக்கு வந்து நின்றார்கள். காட்டிக்கொடுக்க எங்கள் அப்பாவிடம் என்னய்யா இருந்தது என்று கேட்டார்கள். ஸயா உண்மையாகவே திகைத்துப் போனார். "அதைவிடப் பெரிய நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது தம்பி" என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்போது நான் சிரித்தேன்.

பிறகு நாட்டில் கடைகள் ஒவ்வொன்றாக அரசாங்கத்துக்குப் போக ஆரம்பித்தன. ஒருநாள் எங்கள் கொட்டகையும் போயிற்று. முதலாளி சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். புதிதாக ஒரு பொறுப்பாளர் வந்தார். பட்டாளத்தில் இருந்தவர், எங்களைவிடச் சின்ன வயது, சட்டையில் மடிப்புக் கலையாதவர். நாற்காலி, விசிறி, மெஷின் எல்லாவற்றுக்கும் எண் போட்டார். வெளிநாட்டுப் படம் இனி கிடையாது என்றார். கையிலிருந்த ஒரு பிரெஞ்சுப் படத்தின் பெட்டியைக் கட்டி மூலையில் வைக்கச் சொன்னார்.

இங்கேதான் ஸயாவுக்கு வினை வந்தது. அந்தப் படத்துக்கு நோட்டீஸ் ஏற்கெனவே அச்சாகி இரண்டு நாள் கொடுத்தும் ஆகிவிட்டது. ஆனால் படக் கம்பெனி அனுப்பிய சுருக்கத்தில் இரண்டாவது தாளைக் காணோம். முதல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, தன் மூன்று வழிகளை நம்பி, கூட்டத்தில் இருந்த குண்டு ஆளின் பெயரைத் துரோகி என்று முதல் வரியில் போட்டுவிட்டார். இப்போது படமே ஓடாது என்று ஆகிவிட்டது. போட்ட பெயர் சரியா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

ஒரு வாரம் அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. ஊரே எந்தக் கடை போகும், எந்தக் கப்பல் வரும் என்று பயந்துகொண்டிருந்தது. இவருக்குப் பாரிஸில் ஒரு குண்டனைப் பற்றிக் கவலை.

"கோ மணி, ஒரே ஒரு தடவ ஓட்டிக் காட்டுய்யா. அவன் இல்லேன்னா நான் பாவி."

"ஸயா, எனக்கு அஞ்சு புள்ளைங்க."

"ஞாயித்துக்கிழம காலைல யாரு வர்றா. பொறுப்பாளரு கூட்டத்துக்குப் போறாராம். சவரிமுத்து, சாவி உங்கிட்டத்தானே இருக்கு?"

இருந்தது. கொடுத்தேன். நான்கு பேர் மட்டும் என்றுதான் பேச்சு. ஆனால் யாருக்கும் சொல்லக் கூடாது என்பதை ஸயா வழியெல்லாம் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டே வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போனபோது வாசலில் நாற்பது பேர்.

படம் ஓடியது. கடைசி ரீலில் உண்மை வந்தது. காட்டிக்கொடுத்தவன் குண்டன் இல்லை. கூட்டத்திலேயே மெலிந்த ஆள். படம் முழுக்கப் பத்து வார்த்தை பேசாதவன். தலைவனுக்கு ரொம்பப் பிடித்தவன். குண்டன் கூட்டாளிகளுக்காகக் குண்டடி பட்டுச் சாகிறான். கொட்டகை எதிர்பார்க்கவில்லை; ஒருவர்கூடக் கத்தவில்லை. விளக்குப் போட்டதும் பார்த்தால் ஸயா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நிரபராதி ஒருத்தன் பேரைப் போட்டுட்டேனே தம்பி."

"அது படம் ஸயா."

"ஆயிரம் நோட்டீஸு. ஆயிரம் பேரு அவனைத் துரோகின்னு நெனச்சுக்கிட்டுத் திரியிறான்."

அன்று மத்தியானம் முழுக்க அவர் தெருத்தெருவாகப் போய் நோட்டீஸைத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தார். வெற்றிலைக் கடையில் மடித்துக் கொடுத்ததைக்கூட விடவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் காரணத்தைச் சொன்னார். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் காலையில் படம் பார்த்ததையும் சொல்லத்தானே வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக்குள் பொறுப்பாளருக்குச் சேதி போய்விட்டது. பூட்டிய கொட்டகையில் நிறுத்திய படம் ஓடியிருக்கிறது. ஏற்பாடு செய்தது யார், மெஷின் ஓட்டியது யார், இரண்டு பெயர் வேண்டும். எங்களில் பாதிப்பேர் வருஷா வருஷம் வெளிநாட்டவர் என்ற பதிவுச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு குடியிருந்தவர்கள். அதில் ஒரு வரி எதிராக எழுதினால் அடுத்த கப்பலில் இந்தியாவுக்குத்தான்.

அந்தோணி அண்ணனை முதலில் கூப்பிட்டார்கள். அன்று எனக்கு வயிற்றுப்போக்கு, எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு மணிநேரம் நிற்கவைத்தும் வயிற்றுப்போக்குக்கு மேல் ஒரு சொல் வரவில்லை. துரோகி என்று ஸயா பத்து வருஷமாகக் கைகாட்டிய ஆள்.

பிறகு கல்லைக் கூப்பிட்டார்கள்.

பொறுப்பாளர் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். "கோ சவரி, சாவி உங்களிடம்தானே இருந்தது?" என்று பர்மியத்தில் அன்பாகக் கேட்டார். "புது ஆட்கள் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது. கிளார்க்காக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்" என்றார்.

அவ்வளவுதான். பாரிஸில் இதற்குச் சித்திரவதை எல்லாம் செய்கிறார்கள். நான் ஒரு டீக்கு எழுதினேன். இங்கிலீஷில், கோடு போட்டதுபோல் அழகாக, சாவி என்னிடமிருந்து இன்னாரால் கேட்டு வாங்கப்பட்டது, ஏற்பாடு முழுதும் இன்னாருடையது என்று பெயரைப் போட்டேன். மெஷின் ஓட்டியது யார் என்று தெரியாது என்று எழுதினேன். இதை நான் பெரிய தியாகமாக வீட்டுக்குப் போகும்வரை நினைத்துக்கொண்டேன். கோ மணிக்கு ஐந்து பிள்ளைகள், அவரைக் காப்பாற்றிவிட்டேன். ஸயாவுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. கொட்டகையில் சம்பளமும் இல்லை. எப்படியும் அவர் வாய்க்கு அவரே ஒருநாள் மாட்டப்போகிறவர். நியாயங்கள் எப்படி வரிசையாக வந்து நிற்கின்றன பாருங்கள். டிக்கெட்டுக்குக்கூட அப்படி நின்றதில்லை.

மறுநாள் அவரைக் கூப்பிட்டார்கள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். நாங்கள் மூன்று பேரும் வெளியே மாடிப்படியில் நின்றோம். கோ மணி மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "செத்தேன். அந்தாளு வாயில எது நிக்கும்? எம் பேரு முதல் வரியிலேயே வந்துரும்" என்றார்.

மூன்று மணிநேரம் ஆயிற்று. கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பர்மியத்தில் பிரெஞ்சுப் படக் கதை. ஒரு படம் முடிந்து அடுத்த படம். மெஷின் ஓட்டியது யார் என்று பொறுப்பாளர் கேட்கிறார்; அதற்கு ஒரு கதை. மறுபடியும் கேட்கிறார், இன்னொரு கதை. கடைசியில், நான்தான் ஓட்டினேன் என்று ஸயா சொன்னது எங்களுக்குக் கேட்டது. பொறுப்பாளர் அவரைக் கேபினுக்குக் கூட்டிப்போய், எங்கே, ஓட்டிக் காட்டுங்கள் என்றார். ஸயா ஃபிலிமை எடுத்து மெஷினில் எங்கெங்கே ஓட்டை தெரிகிறதோ அங்கெல்லாம் நுழைத்தார். ஆபரேட்டர் என்று கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தியிருந்த கோ மணி கண்ணை மூடிக்கொண்டார். யாரும் நம்பவில்லை. ஆனால் அலுவலகத்துக்கு வேண்டியது நம்பிக்கை இல்லை, ஒரு பெயர். என் தாளில் இருந்த பெயரும் அவர் வாயால் சொன்ன பெயரும் ஒன்றாக இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது.

கீழே வந்ததும் அந்தோணி அண்ணன் அவர் தோளைப் பிடித்தார். "ஓய், கோ மணியக் காப்பாத்திட்டீரு. அது இருக்கட்டும். உம்ம பேரைக் குடுத்தவன் எவன்? முதல் ரீல்லயே கண்டுபிடிக்கிற ஆளாச்சே. சொல்லும், பல்லைப் பேத்துடறேன்."

என் தாள் அந்த மேஜைமேல்தான் கிடந்தது. பொறுப்பாளர் பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. எதிரே மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தவர், தலைகீழ் எழுத்தைப் படித்துப் பிழைத்தவர். வாராவாரம் காட்சி நேரங்களை எழுதி நான் அச்சகத்துக்கு அனுப்பிய துண்டுச் சீட்டுகளால் என் கையெழுத்தின் ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரியும். கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்த எனக்கு இது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

ஸயா எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். என்மேல் பார்வை மற்றவர்கள்மேல் நின்றதைவிட அதிகமாகவும் நிற்கவில்லை, குறைவாகவும் நிற்கவில்லை.

"எவனும் குடுக்கல. நானேதான் போய் உளறிட்டேன். உளறினவன்கிட்டயே வந்து உளறினவன் எவன்னு தேடுறீங்களே."

எல்லாரும் உடனே நம்பினார்கள். நம்பாமல் என்ன? அவர் வாயை அறியாதவர் யார்? "உம்ம வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆண்டவன் மறந்துட்டான் ஓய்" என்று அந்தோணி அண்ணன் சொன்னார். கோ மணி சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரமே டீக்கடையில் பேச்சு மாறிவிட்டது. தன் பெயரையே உளறியவன் நம் பெயரை உளற எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவர் ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்த நாற்பது பேருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவர் வந்து உட்கார்ந்தால் மேஜை காலியாகும். கோ மணி எதிரே கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவார். அச்சக முதலாளி, கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். பதிவுச் சீட்டைப் புதுப்பிக்கப் போனபோது ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார்கள், கப்பலுக்கு. த்வாண்டேயில் பானை செய்கிறவர்களுக்கு நடுவே பிறந்து, ஆற்றைத் தாண்டி ரங்கூனுக்கு வந்ததே பெரிய பயணம் என்று இருந்தவர். வெளிநாடு என்று அவர் அறிந்தது பிரான்ஸ் ஒன்றுதான். மதராசுக்கு அனுப்பினார்கள்.

ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் கப்பல் நின்றிருக்காது. ஆனால் டீக்கடையில் மேஜை காலியாகியிருக்காது. நான் புதுக் கிளார்க் வேலையில் சுறுசுறுப்பாக இருந்தேன்.

கப்பல் புறப்படுகிற வாரம், திங்கட்கிழமை சாயங்காலம், மழையோடு மழையாகத் தின்கன்ஜூனுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பஸ்ஸில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துகொண்டேன். வீட்டில் இரண்டு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். ஸயா பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா தம்பி. நனைஞ்சிட்டியே. பார்வதி, தம்பிக்குத் துண்டு குடு."

"ஸயா, ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லலாம், சொல்லலாம். முதல்ல உக்காரு. அந்தக் கடைசிப் படத்தைப் பத்தி நான் யோசிச்சேன் பாரு..."

ஆரம்பித்தார். அந்த மெலிந்த ஆள் ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்கு விளக்கினார். அவன் கெட்டவன் இல்லையாம். அவனுக்கு யாரும் கெடுதல் சொல்லிக்கொடுக்கவில்லையாம். பயந்தவனிடம் சாவியைக் கொடுத்தது தலைவன் குற்றமாம். "ஸயா" என்று நான் நடுவில் வாயைத் திறப்பேன். அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு அடுத்த படத்துக்குப் போவார். மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் ஒரு மூச்சுவிடும் இடம்கூட அவர் எனக்கு விடவில்லை. மழை விட்டு, கொசு வந்து, விளக்கு ஏற்றி, டீ ஆறி, ஏழு படம் ஆயிற்று. அது கருணையா, தண்டனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து கும்பிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு எட்டாவது படத்தைத் தொடங்கினார். ஒருவழியாக வெளியே வந்தேன்.

அவர் மனைவி வாசல்வரை கூட வந்தார்.

"ரொம்ப நேரம் பேசிட்டாரு, கோச்சுக்காதீங்க தம்பி" என்றார். பிறகு உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பதினோரு நாளா வாயே திறக்கல. சோறு வேணுமான்னா தலைய ஆட்டுவாரு, அதோட சரி. ஒருத்தரும் வரல பாருங்க. இன்னைக்கு உங்களக் கண்டதுந்தான் பேச்சு வந்திருக்கு. நாளைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. கப்பல் வியாழக்கிழமதான்."

"வர்றேன் அக்கா" என்றேன்.

செவ்வாய், புதன் என்று இரண்டு நாள் இருந்தது. நான் போகவில்லை. இரண்டு நாளும் மழைகூட இல்லை.